அடிப்பாகத்தை முதலில் படியுங்கள்: பழைய பீரங்கி உறைகளையும் குண்டுகளையும் இனங்காணும் முறை

பழைய பீரங்கிக் குண்டு என்று காயலான் கடையிலோ காரைக்குடிப் பழம்பொருள் கடையிலோ எடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் குண்டே அல்ல. அது பித்தளை உறை. குண்டைத் தள்ளும் வெடிமருந்து அதற்குள் இருந்தது. சுட்டு முடிந்ததும் உறை பீரங்கியின் பின்பக்கமே கழன்று விழுந்துவிடும். பறந்து போவது உறையின் வாயில் செருகியிருந்த இரும்புக் குண்டு மட்டும்தான்.

இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதிக் கதைகள் உதிர்ந்துவிடும். சென்னையில் ‘எம்டன் குண்டு’ என்று விற்கப்படும் பித்தளைக் குழாய் அதற்கு நல்ல உதாரணம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் கடலில் நின்றபடி சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. கரைக்கு வந்து விழுந்தவை 10.5 செ.மீ. குண்டுகளும் அவற்றின் சில்லுகளும். உறைகள் கப்பலின் மேல்தளத்தில்தான் விழுந்தன. ஆகவே சென்னை மண்ணில் தோண்டியெடுத்த எம்டன் பித்தளை உறை என்று ஒன்று இருக்க வழியில்லை. கட்டபொம்மன் காலத்துப் பித்தளை உறையும் இருக்க வழியில்லை. அடியில் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பாகம்) பொருத்திய பித்தளை உறை பீரங்கிகளுக்குப் பரவலாக வந்தது 1880-களில்தான்.

கை வைக்கும் முன்

உறையை இனங்காண்பது பொழுதுபோக்கு. நிலத்தில் கிடந்த முழுக் குண்டை இனங்காண்பது வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவின் வேலை. இந்த இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

குளம் தூர் வாரும்போதோ கிணறு தோண்டும்போதோ கூர்முனையுள்ள இரும்புப் பொருள் கிடைத்தால் அதைத் தொடாமல், நகர்த்தாமல், மண்ணைத் தட்டாமல் விலகிப் போங்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு காவல்துறைக்குச் சொல்லுங்கள். 2019-இல் திருப்போரூர் அருகே மானாமதியில் கோயில் குளத்தில் கிடைத்த பொருளைத் திறந்து பார்க்க முயன்றபோது அது வெடித்து உயிர்கள் போயின. வன்னியில் எத்தனை பேர் இப்படிக் கைகால் இழந்தார்கள் என்பது ஈழத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப் போர்க் குண்டுகள் இன்றும் ஏர்முனையில் மாட்டுகின்றன. பெல்ஜியத்தில் போயல்கபெல்ல என்ற ஊரில் இவற்றை அழிப்பதற்கென்றே ராணுவப் பிரிவு ஒன்று இயங்குகிறது. வெடிமருந்துக்கு வயதானால் வீரியம் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. சில கலவைகள் நாளாக ஆக மேலும் எளிதில் வெடிக்கும் நிலைக்குப் போகும்.

குண்டின் அடிப்பக்கமாகச் செம்பு வளையம் ஒன்று இருக்கும். அதில் சாய்ந்த கீற்றுகள் பதிந்திருந்தால் குண்டு சுடப்பட்டது என்று பொருள். அப்படிச் சுடப்பட்டும் முனையில் பியூஸோடு (குண்டை வெடிக்கச் செய்யும் பாகம்) முழுசாக இருக்கிறது என்றால், வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போன குண்டு அது. இருப்பதிலேயே ஆபத்தானது அதுதான். ‘சுட்டுத் தீர்ந்தது’ என்று விற்பவர் ஆறுதலாகச் சொல்லும் அந்தக் கீற்றுகளை நீங்கள் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். கீற்று இல்லாத குண்டும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. அது சுடப்படாமல் நிரம்பியபடியே இருக்கலாம்.

உறையிலும் ஒரு கண்ணி உண்டு. அடியின் நடுவில் இருக்கும் பிரைமருக்குள் தனியாகக் கொஞ்சம் வெடிமருந்து இருக்கும். ஊசி குத்திய பள்ளம் அதன் நடுவில் தெரிகிறதா பாருங்கள். பள்ளம் இல்லாவிட்டால் அதை உயிருள்ள பிரைமராகவே கொள்ளுங்கள். கழற்றவோ, தட்டவோ, சூடு காட்டவோ கூடாது. வாங்காமல் விடுவதே நல்லது. இன்னொன்று, இந்திய ஆயுதச் சட்டம் 1959 ‘அம்யூனிஷன்’ (தோட்டா, குண்டு வகைகள்) என்பதற்குத் தரும் வரையறையில் அதன் பாகங்களும் அடங்கும். ஆகவே வெற்று உறையானாலும் யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கியது என்ற ரசீதை வைத்திருங்கள். ஐயம் இருந்தால் வாங்கும் முன்பே வழக்கறிஞரைக் கேளுங்கள். விமானப் பயணத்தில் கைப்பையிலோ பெட்டியிலோ எடுத்துப் போகவே வேண்டாம்.

கருவிகள்

வெர்னியர் காலிப்பர் ஒன்று (150 மி.மீ. போதும்), 300 மி.மீ. எஃகு ஸ்கேல், சிறு காந்தம், டார்ச், பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், மெல்லிய தாள், மென்மையான பென்சில். சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. கொஞ்சம் திருநீறும் எடுத்து வையுங்கள். அதன் பயன் கீழே வருகிறது.

அளவு

உறையைக் குறிக்கும்போது சேகரிப்பாளர்கள் இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்வார்கள். 77 × 227 என்றால் பீரங்கி வாயின் குறுக்களவு 77 மி.மீ., உறையின் நீளம் 227 மி.மீ. நீளத்தை அடியிலிருந்து வாய்விளிம்பு வரை அளக்க வேண்டும். வாயை உள்பக்கமாக, இரண்டு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். பல வருடம் கிடந்த உறையின் வாய் முட்டை வடிவாகியிருக்கும். சுட்ட உறையின் வாய் விரிந்துமிருக்கும். அதனால் பெயரளவைவிட ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாக வந்தால் குழம்பாதீர்கள்.

அடிக்கடி கண்ணில் படுபவை இவை. பிரிட்டிஷ் 18 பவுண்டர் (குண்டின் எடையால் வந்த பெயர்) 83.8 × 295. அதன் இடத்துக்கு வந்த 25 பவுண்டர் 87.6 × 292. பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியின் உறை 75 × 350. ஜெர்மானிய 7.7 செ.மீ. களப்பீரங்கி 77 × 227. போஃபர்ஸ் விமான எதிர்ப்புத் துப்பாக்கி 40 × 311. அமெரிக்க 105 மி.மீ. ஹவிட்சர் (குண்டை உயர வளைவாக எறியும் பீரங்கி) 105 × 372. ஜெர்மானியரின் பேர்பெற்ற 8.8 செ.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கியின் உறை 88 × 571, முழங்கால் உயரத்தைத் தாண்டும்.

18 பவுண்டரையும் 25 பவுண்டரையும் கண்ணால் பிரிக்க முடியாது. நீளத்தில் 3 மி.மீ. வித்தியாசம், வாயில் 4 மி.மீ. வித்தியாசம், அவ்வளவுதான். ஒன்று முதல் உலகப் போரின் அடையாளம், மற்றது இரண்டாம் உலகப் போருடையது. விலையும் கதையும் வேறு. காலிப்பர் இல்லாமல் இந்த இரண்டில் எதையும் வாங்காதீர்கள்.

நீளம் சில நேரம் பொய் சொல்லும். போர்க்களத்திலும் ஊர் திரும்பிய பிறகும் இந்த உறைகளை வெட்டிப் பூச்சாடி, சாம்பல் கிண்ணம் என்று செய்தார்கள். வெட்டியது 60 மி.மீ. உயரத்தில் இருந்தால் நீளத்தால் பயனில்லை. அப்போது அடிப்பாகம்தான் பேசும். வாயில் அரமோ ரம்பமோ போன தடம் தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. 18 பவுண்டர் உறையின் வாயை 3 அங்குலத்துக்குச் சுருக்கி 13 பவுண்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குப் பயன்படுத்தினார்கள். அடி ஒன்றுபோல் இருக்கும், கழுத்து குறுகியிருக்கும். அதைச் சேதமடைந்த 18 பவுண்டர் என்று ஒதுக்கிவிட்டால் நல்ல பொருளை இழப்பீர்கள்.

காந்தம் வைக்கும்போது ஒட்டினால் பித்தளை முலாமிட்ட அல்லது அரக்குப் பூச்சிட்ட எஃகு உறை. செம்புக்குத் தட்டுப்பாடு வந்த ஜெர்மனியில் இது வழக்கம். ஒட்டுகிறது என்பதற்காகப் போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

அடிப்பாகத்து எழுத்துகள்

உறையைக் கவிழ்த்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழச் செய்யுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் திருநீற்றை உலர்ந்த விரலால் தேய்த்துவிட்டு மேலே துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்து துலங்கும். பிறகு தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்து உரசிப் பிரதி எடுங்கள். புகைப்படத்தில் தெரியாத மெல்லிய முத்திரைகூட இந்தப் பிரதியில் வந்துவிடும்.

18 பவுண்டரின் அடியை எடுத்துக்கொள்வோம். ‘18 பி.ஆர்.’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். பிரிட்டிஷார் களப்பீரங்கியைக் குண்டின் எடையால் அழைத்தார்கள். 18.5 பவுண்டு, அதாவது சுமார் 8.4 கிலோ குண்டு என்பதால் 18 பவுண்டர். அதையடுத்து ரோமன் எண் ஒன்றோ இரண்டோ வந்தால் அது உறை வடிவமைப்பின் வரிசை எண். அப்புறம் செய்தவரின் குறி: ஆர்.எல். என்றால் உல்விச் ராயல் லேபரட்டரி, இ.ஓ.சி. என்றால் எல்ஸ்விக் ஆர்ட்னன்ஸ், வி.எஸ்.எம். என்றால் விக்கர்ஸ் சன்ஸ் அண்ட் மாக்சிம், கே. என்றால் பர்மிங்ஹாமின் கைனாக். ஆண்டு முழுதாகவோ, மாதத்தோடு சேர்த்துச் சுருக்கியோ இருக்கும். மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி அரசு உடைமை என்பதற்கான முத்திரை.

சி.எஃப். என்ற இரண்டு எழுத்தைப் பார்த்துத் தொழிற்சாலையின் பெயர் என்று பலர் எழுதிவைக்கிறார்கள். அது கார்டைட் என்ற வெடிமருந்தின் முழு அளவு என்பதன் சுருக்கம். இதுதான் உறையின் வாழ்க்கைக் குறிப்பு. பித்தளை விலையேறிய பொருள் என்பதால் சுட்ட உறைகளைத் திரட்டிப் பின்னால் அனுப்பி, வடிவைச் சரிசெய்து மறுபடி நிரப்பினார்கள். சி.எஃப். பல முறை இருந்தால் அத்தனை முறை நிரப்பப்பட்டது என்று படிக்கலாம். பல முத்திரைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் அடியை அசிங்கம் என்று விலை குறைப்பவர்களிடமிருந்து மகிழ்ச்சியாக வாங்குங்கள். சேகரிப்பவருக்கு வெறுமையான அடியைவிட அது எத்தனையோ மேல்.

பிரைமரின் மேலும் தனிக் குறியும் ஆண்டும் இருக்கும். உறையில் 1915, பிரைமரில் 1917 என்று கண்டால் ஒட்டு வேலை என்று எண்ண வேண்டாம். மறுபடி நிரப்பும்போது பிரைமரை மாற்றுவார்கள், ஆகவே அது இயல்பு. பிரைமர் உறையைவிடப் பழையதாக இருந்தால்தான் இன்னும் கவனித்துப் பார்க்க வேண்டும்.

மற்ற நாடுகளுடையதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரெஞ்சு உறையில் ‘75’ என்ற எண்ணை அடுத்து டி.இ. சி. என்ற எழுத்துகள் வரும், களப்பீரங்கி 75 என்பது பொருள். முதல் போர்க்கால ஜெர்மானிய உறையில் கார்ல்ஸ்ரூஹே, போல்ட்டே மாக்டெபுர்க் என்று தொழிற்சாலையின் பெயரே நீளமாக வளைந்து ஓடும், மாதமும் எழுத்தில் இருக்கும். இரண்டாம் போரில் அவர்கள் பெயரை மறைத்து எண்ணுக்கு மாறினார்கள்: 6347 என்றால் 8.8 செ.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி, 6342 என்றால் 10.5 செ.மீ. இலகு ஹவிட்சர். எண்ணுக்குப் பின்னால் எஸ்.டி. இருந்தால் எஃகு. அமெரிக்கர்கள் 105 எம்.எம். எம்14 என்று நேராகவே எழுதிவிடுவார்கள்.

குண்டும் பியூஸும்

செயலிழக்கச் செய்ததற்கான சான்றோடு, நம்பகமான இடத்திலிருந்து வந்த வெற்றுக் குண்டுகளைப் பற்றி மட்டுமே இந்தப் பகுதி. பயிற்சிக்கென்று செய்ததில் பக்கத்தில் துளை போட்டிருப்பார்கள். துளை உள்குழிவு வரை போய், டார்ச் வெளிச்சத்தில் உள்ளே வெறுமை தெரிய வேண்டும். மேலோட்டமாகத் துளைத்து நிறுத்தியதற்கு மதிப்பில்லை.

இரும்புக் கோப்பை போல, வாயில் மரையோடு, உடையாமல் கிடைக்கும் குண்டு பெரும்பாலும் ஷ்ராப்னெல் வகை. அது உடைந்து சிதற வடிவமைத்தது அல்ல. காற்றில் இருக்கும்போதே அடியிலுள்ள கருமருந்து பற்றி, உள்ளிருக்கும் ஈயக் குண்டுமணிகளை முன்னோக்கித் தள்ளும். குண்டின் உடலே சின்னத் துப்பாக்கியாக வேலை செய்துவிட்டு வெறுங்கூடாக விழும். 18 பவுண்டரின் ஷ்ராப்னெல் ஒன்றில் சுமார் 375 மணிகள், ஒரு பவுண்டுக்கு 41 மணி. தராசில் வைத்தால் ஒன்று 11 கிராம் வரும். மாறாக, உள்ளே வெடிமருந்து நிறைத்த குண்டு சில்லுசில்லாகப் போகும். அது முழுசாக இருந்தால் அதன் காரணத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பித்தளைப் பியூஸ்களில் அதிகம் கிடைப்பது பிரிட்டிஷ் 80-ஆம் எண். விளிம்பில் 0 முதல் 22 வரை கோடுகள் பொறித்த சுழல்வளையம் அதன் அடையாளம். இது ஜெர்மனியின் க்ரூப் நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவியது. அதனால் சிலவற்றில் கே.பி.இசட். 96/04 என்ற குறிகூட உண்டு. அதைப் பார்த்து ஜெர்மன் பியூஸ் என்று எழுதிவிடாதீர்கள். பியூஸுக்குள்ளும் தனி வெடிமருந்து உண்டு. சிறிதாக இருக்கிறதே என்று மேசையில் வைத்துத் திருகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

வண்ணத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். முதல் போர்க்கால பிரிட்டிஷ் குண்டில் வெடிமருந்து நிறைத்ததற்கு மஞ்சள், ஷ்ராப்னெலுக்குக் கறுப்பு என்று முறை இருந்தது உண்மை. ஆனால் நூறு வருடத்தில் எத்தனை பேர் எதை அடித்தார்களோ! பச்சை, நீலம், மஞ்சள் சிலுவைக்குறி மங்கலாகத் தெரியும் ஜெர்மானியக் குண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அவை விஷவாயுக் குண்டின் அடையாளங்கள். உடனே விலகுங்கள்.

சில்லிலிருந்து குறுக்களவு

கையளவு சில்லை எம்டன் சில்லு என்று கொடுத்தால் சோதிக்கக் கணக்கு உண்டு. குண்டு உருளையாக இருந்த பகுதியின் வெளிவளைவு வேண்டும், முனைப்பக்க வளைவு உதவாது. வளைவின் குறுக்கே எஃகு ஸ்கேலை வைத்து, தொடும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நாண் என்றும், நடுவில் வளைவு எழும்பும் உயரத்தை உயரம் என்றும் அளந்துகொள்ளுங்கள். வெளிவளைவில் ஸ்கேல் உட்காராது என்பதால் அட்டையில் வளைவை ஒற்றியெடுத்து அதை அளப்பது எளிது. நாணை நாணால் பெருக்கி, எட்டு மடங்கு உயரத்தால் வகுத்து, அதோடு பாதி உயரத்தைக் கூட்டினால் ஆரம் வரும்.

நாண் 60 மி.மீ., உயரம் 9.4 மி.மீ. என்றால்: 3600-ஐ 75.2-ஆல் வகுக்க 47.9. அதோடு 4.7 கூட்ட 52.6. இரட்டித்தால் 105 மி.மீ. எம்டனுக்குப் பொருந்துகிறது. ஆனால் உயரத்தை 9.9 என்று அரை மி.மீ. தவறி அளந்தால் விடை 101 ஆகிவிடும். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். நாண் 40 மி.மீ.க்குக் குறைவான சில்லில் இந்தக் கணக்கைப் போட்டு ஏமாறாதீர்கள். அளவு பொருந்துவது பொய்க் கதையைத் தள்ள உதவுமே ஒழிய, மெய்க் கதையை நிறுவிவிடாது. 10.5 செ.மீ. பீரங்கிகள் உலகில் ஏராளம்.

உருண்டை இரும்புக் குண்டுக்கும் தராசு போதும். வார்ப்பிரும்பில் 90 மி.மீ. உருண்டை சுமார் 2.7 கிலோ, அது ஆறு பவுண்டர். அதே அளவில் 3 கிலோவை நெருங்கினால் அரவை ஆலையில் ஓடும் எஃகு உருண்டையாக இருக்கும். உருண்டையில் திருகுத் துளையோ அடைப்போ தெரிந்தால் அது உள்ளே வெடிமருந்து நிறைப்பதற்காகக் குடைந்து செய்த வெடிகுண்டு. எடுத்துத் தராசில் வைக்காதீர்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

போலியும் பராமரிப்பும்

உண்மையான உறை ஒரே வட்டத் தகட்டிலிருந்து இழுத்துச் செய்தது. அடி தடித்து, சுவர் மேலே போகப்போக மெலியும். விரலால் வாயையும் நடுவையும் தடவிப் பார்த்தாலே புரியும். சுவர் முழுதும் ஒரே தடிமனாக இருந்து அடியில் பற்றவைத்த கோடு தெரிந்தால் குழாயில் செய்த அலங்காரப் பொருள். மணல்வார்ப்பில் வந்ததில் மேற்பரப்பு சொரசொரக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். அச்சடித்த எழுத்தில் ஓரம் கூர்மையாக இருக்கும், பல எழுத்துகள் சற்றே கோணலாகவும் இருக்கும்.

வாங்கியதும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்குங்கள். பழுப்புப் படலம் போனால் திரும்பாது, புளிச்சக்கை எழுத்துக்குள் தங்கிப் பச்சை பூக்கும். பட்டறையில் கொடுத்து பஃபிங் போட்டால் மெல்லிய ஆய்வு முத்திரைகள் அழிந்தே போகும். இளஞ்சூட்டு நீர், கொஞ்சம் சோப்பு, பருத்தித் துணி, பிறகு நன்றாக உலர்த்துதல். இவ்வளவு போதும்.

அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் கிட்டவே வரக்கூடாது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, பித்தளையை இழுத்துச் செய்தபோது உள்ளே தங்கிய இறுக்கத்தோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்தது. 1921-இல்தான் காரணம் தெளிவானது. இந்த வெடிப்பு கழுத்திலிருந்து நெடுக்காக, மயிர்க்கோடு போலத் தொடங்கும். வாங்கும்போது வாயை டார்ச்சில் சுற்றிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் விலையைக் குறையுங்கள். வீட்டில் மாட்டுத்தொழுவம், கோழிக்கூண்டு, கழிப்பறை இவற்றையொட்டிய அறையில் அடுக்காதீர்கள். ஒவ்வொரு உறைக்குள்ளும் அடிப்பாகத்தின் பென்சில் பிரதியை மடித்து, அளவுகளையும் வாங்கிய இடத்தையும் அதன் பின்புறம் எழுதிப் போட்டு வையுங்கள்.